பெயருக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவன். சென்னையில் படிக்கும் என் மகன் பொங்கல் லீவுக்கு வந்தபோது ஒன்று கேட்டான். "அப்பா, ஹாஸ்டல்ல பேரு கேக்காங்க, ஊரு கேக்காங்க. அதுக்குப் பொறவும் 'நீங்க யாரு'ன்னு கேக்காங்க. என்ன சொல்ல?" எதைக் கேட்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜனவரி 14 அன்று அவனைக் கூட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போனேன். 1752-இல் இதே நாளில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் அது. அவருடைய முதல் பெயர் நீலகண்ட பிள்ளை. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். டச்சுத் தளபதி டி லனாய் சொன்ன யோபுவின் கதை மனதைப் பிடித்துக்கொள்ள, 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். அதற்காக எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது. தேவசகாயம் மட்டுமே மிஞ்சியது.

அந்தப் பாறையடியில் உட்கார்ந்துதான் என் கதையை மகனிடம் சொன்னேன். அவன் குழந்தையாக இருந்தபோது ஊரில் எனக்குப் பெயர் 'கேசுக்காரன்'. எங்கள் இரண்டு நிலத்துக்கும் எல்லைச் சுவரான கையாலையோரம் நின்ற ஒரு மூடு அயனி மரத்துக்காக அண்ணனோடு ஒன்பது வருஷம் வழக்கு. மழையில் இடிந்த கையாலையை மறுபடி வைத்தபோது இரண்டு முழம் அண்ணன் பக்கம் தள்ளி வைத்தவன் நான். வக்கீலிடம்கூட அதைச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு பூசை தவறியதில்லை.

ஒரு ஞாயிறு, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் ஆகு என்ற நற்செய்தியை வாசித்தார்கள். காணிக்கைத் தட்டு வந்தபோது கையிலிருந்த ஐம்பது ரூபாயைப் போட முடியவில்லை. மனசு இளகியதென்று சொன்னால் பொய். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆண்டவர் சொல்லிவிட்டார், போகத்தான் வேண்டும் என்று போனேன்.

முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்த அண்ணன் மனைவி, என் மைனி, என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே, கையாலையை மாத்துனது நான்தான்" என்றேன். அண்ணன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கட்டன் சாயா குடிக்கியா?" என்றார்.

அயனி இப்போது அண்ணன் பக்கம் நிற்கிறது. அன்று வீடு திரும்பும்போதுதான் நான் ஆண்டவருடைய ஆள் என்பது எனக்கே தெரிந்தது. அதுவரை அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

நம் பங்குக் கோயில்களில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதிச் சான்றிதழ் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் வேண்டும், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணக் கார்டில் எதற்கு? புனிதருக்கு மாலை போடும் கையால் அவர் பெயரிலிருந்து எடுத்ததை நம் பெயரோடு ஒட்டலாமா?

மே மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மகன் சென்னைக்குத் திரும்புமுன் கார்டு அடிக்கக் கொடுக்க அண்ணனோடு நாங்கள் இருவரும் போனோம். "பேருக்குப் பின்னால என்ன போடணும்?" என்று அச்சகத்தில் கேட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒண்ணும் வேண்டாம்" என்று மகன் சொன்னான்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.