பயணச்சீட்டுக்கு முன்னால் அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரம் ஒன்றில் நடக்கும் மாநாட்டுக்கு முதன்முறையாகச் செல்வோருக்காகத் தாங்கள் அண்மையில் வெளியிட்ட ஆலோசனைக் கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பயனுள்ளவை. ஆனால், மாநாட்டுத் தேதி தெரிந்தவுடன் விமானப் பயணச்சீட்டை வாங்கிவிட வேண்டும், தங்குமிடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் முதல் பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். பணம் திரும்பக் கிடைக்காத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரங்கள் அறை தேடினேன்.

ஒரு பெருநகரத்துக்கு ஒரே நாளில் எத்தனையோ விமானங்களும் ரயில்களும் வருகின்றன. ஒன்றில் இடமில்லை என்றால் முந்தைய நாளோ வேறு வழியாகவோ போய்ச் சேர்ந்துவிடலாம். மாநாட்டு அரங்கிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள அறைகளோ எண்ணிக்கையில் கூடுவதில்லை. அவற்றை அனைவரும் அதே மூன்று நான்கு இரவுகளுக்கே கேட்கிறார்கள். 1939இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர்தான். அவர்கள் எங்கே தங்கினார்கள் என்பது அந்த நகரத்துக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. 1970இல் தொடங்கிய, அமெரிக்காவின் சித்திரக்கதை ரசிகர் மாநாடான சான் டியேகோ காமிக்-கானுக்கோ இப்போது 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அங்கே நுழைவு அட்டை கிடைத்த பிறகும், அறைகளுக்கென்று தனியாக அறிவிக்கப்படும் விற்பனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹன்னோவர் நகரில் தொழிற்கண்காட்சி நடக்கும் நாட்களில் விடுதிகள் நிரம்பிவிடுவதால், நகரவாசிகள் தங்கள் வீட்டு அறைகளையே வந்தவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

பெரிய மாநாடுகளின் ஏற்பாட்டாளர்கள் அருகிலுள்ள விடுதிகளுடன் முன்கூட்டியே பேசி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அறைகளைச் சலுகைக் கட்டணத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள் என்பது புதிதாகச் செல்பவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. பெரும்பாலும் மாநாட்டுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே அது முடிந்துவிடும். அதன்பின் எஞ்சிய அறைகள் விடுதியின் பொது விற்பனைக்குத் திரும்பிவிடும். விலையை அன்றைய கிராக்கி தீர்மானிக்கும். பதிவுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே ஒதுக்கீட்டு அறை தரும் மாநாடுகள் பல இருப்பதால், பதிவு முதலில், அறை அடுத்து, பயணச்சீட்டு அதற்கும் பிறகு என்பதே சரியான வரிசை என்று கருதுகிறேன். வெளிநாட்டு மாநாடானால் சீட்டுக்கு முன் விசாவும் இந்த வரிசையில் சேரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். அந்த விண்ணப்பத்துடன் தங்குமிடச் சான்றும் கேட்கப்படுவதால் அங்கேயும் அறைதான் முந்துகிறது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய விதத்தில் அறையைப் பதிவு செய்துவிட்டால் திட்டம் மாறினாலும் இழப்பில்லை. ரத்துக்கான கடைசி நேரம் பெரும்பாலும் விடுதி இருக்கும் ஊரின் கடிகாரப்படியே கணக்கிடப்படும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மாநாட்டின் பெயரைச் சொல்லித் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொண்டு, அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, உடனே அட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. பங்கேற்பாளர்களின் பட்டியலைத் திரட்டிக்கொண்டு இப்படிப் பணம் பறிப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களின் இணையதளத்தில் உள்ள பதிவுப் பக்கத்தைத் தவிர வேறு எவர் வழியாகவும் ஒதுக்கீட்டு அறையைப் பெற முயலக் கூடாது.

தொலைவைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. நான் கடைசியில் பிடித்த விடுதியின் விளம்பரத்தில் 'மாநாட்டு அரங்கிலிருந்து 10 நிமிடம்' என்று இருந்தது. வரைபடத்தில் கோடு போட்டால் அது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு விரைவுச்சாலை ஓடியது. அதைக் கடக்கும் நடைபாலத்துக்குச் சுற்றிப் போனால் 35 நிமிடங்கள் ஆயின. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என நான்கு நாட்கள் அப்படி நடந்தேன். ஆகவே விடுதியிலிருந்து அரங்கின் பெயருக்கு அல்லாமல், பதிவு மேசை இருக்கும் வாசலுக்கு, நடைவழியைத் தேர்ந்தெடுத்து வரைபடத்தில் அளந்து பார்க்க வேண்டும். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் போன்ற அரங்குகள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு பெருங்கட்டடங்களைக் கொண்டவை. தவறான வாசலில் இறங்கினால் உள்ளே நடப்பதே தனிப் பயணமாகிவிடும். மெட்ரோவில் மாறி ஏறத் தேவையில்லாத வழித்தடத்தில் ஐந்தாறு நிலையங்கள் தள்ளி இருக்கும் விடுதி, வாகன வசதியில்லாத பக்கத்துத் தெரு விடுதியைவிடப் பலமுறை மேலானது. ஆனால் மாலை நிகழ்ச்சிகள் நள்ளிரவு வரை நீளக்கூடும் என்பதால், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்பாட்டாளர்கள் விடும் இலவசப் பேருந்துகள் பெரும்பாலும் ஒதுக்கீட்டு விடுதிகளின் வாசலில் மட்டுமே நிற்கும்.

தேதிகளில் நேரும் தவறு சிறியது போலத் தோன்றி இரவைத் தெருவில் கழிக்க வைத்துவிடும். 10ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு நகரில் இறங்குபவருக்கு 9ஆம் தேதி இரவுக்கான அறை வேண்டும். 10ஆம் தேதிக்குப் பதிவு செய்திருந்தால் அன்று பிற்பகல் 3 மணி வாக்கில்தான் அறை கிடைக்கும். 9ஆம் தேதிக்கே பதிவு செய்திருந்தாலும், நள்ளிரவு கடந்து வருவதாக விடுதிக்கு முன்பே தெரிவிக்காவிட்டால், வராதவர் என்று குறித்து மீதமுள்ள இரவுகளையும் சேர்த்து விடுதியினர் ரத்து செய்துவிடக்கூடும். அறையைப் பகிர்ந்துகொள்வோர் அனைவரின் பெயர்களையும் பதிவில் சேர்த்துவிட வேண்டும். பதிவு செய்த நண்பரின் விமானம் தாமதமானால் மற்றவர்கள் வரவேற்பு மேசையின் முன் நிற்க வேண்டியிருக்கும். விடுதிகள் முன்பணமாக அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பதும் வழக்கம். டெபிட் கார்டில் அப்படி முடங்கிய பணம் திரும்பச் சில நாட்கள் ஆகலாம்.

இவையெல்லாம் உறுதியான பிறகே பயணச்சீட்டு. மாநாட்டுக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்தால் நுழைவு அட்டையை அன்று மாலையே வாங்கிக்கொண்டு மறுநாள் காலை வரிசையைத் தவிர்க்கலாம். வழியில் விமானம் மாற வேண்டுமானால் இரண்டு பயணங்களும் ஒரே சீட்டில் இருப்பது நல்லது. தனித்தனியாக வாங்கிவிட்டு முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இரு வழிச் சீட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் பயணமும் பொதுவாக ரத்தாகிவிடும்.

தங்கள் நாளிதழ் வழியாக ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். அறை ஒதுக்கீடு எப்போது திறந்து எப்போது முடியும், பதிவு மேசை எந்த வாசலில் இருக்கும், கடைசி நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்பவற்றைப் பதிவு தொடங்கும் நாளிலேயே ஒரே பக்கத்தில் அறிவித்துவிட வேண்டும். பலமுறை வந்து பழகியவர்கள் இவற்றை ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். புதிதாக வருபவருக்குக் கேட்க ஆளில்லை. தாங்களும் அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிட நேர்ந்தால், அதன் முதல் வரியை மட்டுமாவது திருத்தி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்