சனிக்கிழமை ஜமா

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்றா? இங்கே எல்லோரும் நலம். சேலத்தில் வெயில் கொளுத்துகிறது.

நம் அச்சகக்காரனைப் பற்றிக் கேட்டிருந்தாய். குடியை விட அவனுக்கு மனஉறுதி இல்லை என்று நீ எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் தனியாக இருந்தால் அவன் பாட்டிலைத் தொடுவதே இல்லை என்று தங்கச்சியே சொல்கிறது. சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டை ஜமாவோடு ஏற்காடு ஏறினால்தான் வினை. ஒருமுறை நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஒருத்தன் மடமடவென்று குடிப்பவன். அவன் கிளாஸ் காலியானதும் எல்லோருக்கும் அடுத்த ரவுண்டு. நம்மாள் கிளாஸில் பாதி இருக்கும்போதே மேலே ஊற்றிவிடுகிறார்கள், எவ்வளவு உள்ளே போனது என்று அவனுக்கே தெரியாது. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராமுக்கு மேல். ஈரல் மணிக்கு ஏறக்குறைய 10 கிராம்தான் கழிக்கும். இவர்கள் அதை முக்கால் மணி நேரத்தில் முடிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் ஊரை வைத்து 12,000 பேருக்கு மேல், 1971 முதல் 2003 வரையான விவரங்களைப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2010-ல் வந்தது. ஒருவனுடைய நண்பர்களும் சொந்தக்காரர்களும் அதிகம் குடித்தால் இவனும் பிறகு அதிகம் குடிக்கிறான், அவர்கள் குடிக்காதவர்களாக இருந்தால் இவனும் குறைக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கூட வேலை பார்ப்பவனுக்கும் அந்தச் செல்வாக்கு இல்லையாம். யாரை நமக்கு வேண்டியவன் என்று நினைக்கிறோமோ அவன்தான் நம்மை இழுக்கிறான். மாப்ளே, அவனுக்கு நாமும் வேண்டியவர்கள்தானே?

1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே நம் சேலம் ஜில்லாவில்தான். சட்டம் கடையை மூடலாம், ஜமாவைக் கலைக்க முடியாது.

நல்லவேளை, அவனுக்குக் காலையில் கை நடுக்கம் இல்லை. அது இருந்திருந்தால் டாக்டரிடம்தான் முதலில் கூட்டிப்போயிருப்பேன், அந்த நிலையில் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. இப்போதைக்கு சனிக்கிழமை சாயங்காலம் அவனை நான் பிடித்துக்கொள்கிறேன். கடைவீதியில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். குடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. போன வாரம் மலையிலிருந்து அவர்கள் போன் போட்டபோது, "ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டான்.

எனக்கு வெளியூர் போக வேண்டிய சனிக்கிழமைகளும் வரும். அன்றைக்கு ஆறு மணிக்கு நீ அவனுக்குப் போன் போடு. பழைய கதை ஏதாவது பேசு, அரை மணி நேரமாவது விடாதே. வைகாசியில் நீயே வந்துவிட்டால் இன்னும் நல்லது. தேதியை எழுது.

அன்புடன்,
உன் மாப்ளை
அம்மாப்பேட்டை, சேலம்