இடுப்பளவு நூல்

ஈசூன், சிங்கப்பூர், ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் அன்றே பதில் போட நினைத்தேன். என் பெரிய மகளைப் பற்றிச் சொல்லாமல் எழுத மனம் வரவில்லை, சொல்லலாம் என்றால் கை ஓடவில்லை.

இப்போது தேறி வருகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். பள்ளிக்குப் பாதி நாள் போகிறாள்.

போன மாதம் ஆலோசகர் அவளிடம் ஒரு நூலைக் கொடுத்து, "உன் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு இருக்கும்? தரையில் வட்டமாகப் போட்டுக் காட்டு" என்றார். போட்டாள். யோசித்தாள். இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தாள். பிறகு அவர் வேறொரு நூலால் அவள் இடுப்பையே அளந்து அந்த வட்டத்துக்குள் வைத்தார். இரண்டுக்கும் நடுவே என் உள்ளங்கையை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. குனிந்து பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க இறுக்கிப் பிடிச்சு அளந்துட்டீங்க." அடம் இல்லை மல்லிகா, நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள்.

அதுவரை நான் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, "பாருடி, எலும்பும் தோலுமா இருக்கே" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவளும் பார்க்கத்தான் செய்தாள். அவளுக்குத் தெரிந்தது வேறு.

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். லண்டனில் ஸ்லேடு, ரஸல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973இலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இவளுக்கு வந்திருக்கும் அனோரெக்ஸியா, அதாவது குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய், உள்ள பெண்கள் தங்கள் உடம்பின் அகலத்தைக் கூட்டித்தான் சொன்னார்கள். பொருள்களின் அளவைக் கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள்! ஆக, கண்ணில் பழுது இல்லை. 2013இல் நெதர்லாந்தில் செய்தது இன்னும் விசித்திரம். வேறு வேலை கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிட்டு, அகலம் மாறும் ஒரு வாசல் வழியாக நடக்க விட்டார்கள். இந்த நோய் இல்லாத பெண்கள், தோளைவிட 25 விழுக்காடு மட்டுமே அகலமாக வாசல் குறுகியபோதுதான் தோளைத் திருப்பினார்கள். நோயுள்ளவர்கள் தோளைவிட 40 விழுக்காடு அகலமாக இருக்கும்போதே ஒருக்களித்துவிட்டார்கள். யோசித்துச் செய்ததில்லை, உடம்பே அப்படி நடக்கிறது.

படித்தபோது எனக்குச் சுரீர் என்றது. எங்கள் மாடி நடைபாதையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் செருப்பு அடுக்குக்கும் சைக்கிளுக்கும் நடுவே இவள் எப்போதும் ஒருக்களித்துத்தான் போவாள். நான் நேராகவே போகிறேன். என் அகலம் உனக்குத் தெரியும்.

எல்லா ஆய்வும் இதையே சொல்லவில்லை. சிலவற்றில் தங்கள் உருவத்தை ஓரளவு சரியாகவே அடையாளம் காட்டுகிறார்கள், ஆனால் ஆசைப்படும் உடம்புதான் ஆபத்தான ஒல்லி. என் மகளுக்கு இரண்டும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் நூலைக் காட்டியதும் பயம் போய்விடவில்லை. சாப்பாடு முதலில், உடம்பைப் பற்றிய உணர்வு மெதுவாகத்தான் மாறும் என்கிறார் டாக்டர்.

நம் ஆட்கள் வாய் இருக்கிறதே! ரவிக்கை தைக்க தேக்காவுக்குப் போனோம். தெரிந்த அக்கா ஒருவர், "இளைச்சு அழகாயிட்டியே" என்றார். நல்ல எண்ணத்தில்தான். அன்று ராத்திரி இவள் தோசையைத் தொடவில்லை.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. 1992இல் நம் பள்ளிகளில் குண்டான பிள்ளைகளை இளைக்க வைக்க டாஃப் (TAF) திட்டம் வந்ததே (2007இல் எடுத்துவிட்டார்கள்), ரீசஸில் நீ திடலைச் சுற்றி ஓடுவாய். அந்த மூன்று ஆங்கில எழுத்தைத் திருப்பிப் படித்தால் ஃபேட் என்று சொல்லிச் சிரிக்காத பிள்ளை நம் வகுப்பில் உண்டா? நானும் சிரித்தேன். உன் காதுபடத்தான். நீ கேன்டீன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். அந்தத் தூண் உன்னை மறைக்கவில்லை என்று வேறு சொன்னேன்.

இத்தனை வருடம் அதை நாம் பேசியதே இல்லை. மன்னித்துவிடு. அந்த வயதில் உன் கண்ணுக்கு நீ எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாய் மல்லிகா? சொல்லப் பிடித்தால் எழுது. இவளுக்கும் படித்துக் காட்டலாமா என்று கேட்டுத்தான் காட்டுவேன்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

உன்
சாந்தி