மகளுக்கு, மார்த்தாண்டத்திலிருந்து

அன்புள்ள மக்களே,

நாங்கள் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு ஒழுங்காக நடக்கவில்லை. சித்தப்பா விஷயம் தம்பி சொல்லியிருப்பான். அதை விடு.

கீழவீட்டுக் கொச்சு கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது. பத்து மாதப் பிள்ளை. நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைப்பு. தாய்க்காரி நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கிறாள். நாகர்கோவிலுக்குக் கொண்டு போ, ஸ்கேன் எடு என்று ஆளாளுக்குச் சத்தம். நான் போய், ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் இருக்கிற நீ முன்பு சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். விழுந்ததும் அழுததா, மயங்கிக் கிடந்ததா, பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ வீக்கம் உண்டா, கட்டில் மூன்றடிக்கு மேலா. கட்டிலை அளந்தே பார்த்துவிட்டேன், இரண்டடிகூட இல்லை. உன் அம்மைக்கு ஒரே சிரிப்பு, "பெரிய டாக்டர் வந்துட்டாரு" என்று. ஆனாலும் நம் வைத்தியத்தோடு நிறுத்தக்கூடாது என்று குழித்துறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். மண்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் தாயிடம், "பிள்ளை எப்பவும் போல இருக்கா?" என்றார். சாயங்காலம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையில் அடிபட்ட பிள்ளைகளில் யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று பார்த்து 2009-இல் வந்த அந்த ஆராய்ச்சிக் கணக்கை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். 25 ஆஸ்பத்திரி, தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மூளையில் பெரிய காயம் என்று ஆனது 376 பேருக்கு, ஆபரேஷன் 60 பேருக்கு. சின்னப் பிள்ளைகளின் தலையில் தேவையில்லாமல் கதிர் படக்கூடாது என்றுதான் அத்தனை பாடு என்று சொன்னாய்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆறு விஷயம் பார்க்க வேண்டும் என்றாயே, அதில் ஒன்று, பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று பெற்றவர்கள் சொல்வது. இத்தனை படித்தவர்கள் தாயின் பேச்சையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்களே என்று அம்மையிடம் சொல்லப்போய், அவள் பிடித்துக்கொண்டாள். "அப்போ நம்ம மோளும் எப்பவும் போல இல்லேன்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அவள் சொல்வதிலும் காரியம் இருக்கிறது. வீடியோவில் வந்தால் லைட் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய். சாப்பிட்டேன், சரி, வைக்கட்டுமா. அவ்வளவுதான். நைட் டூட்டி முடிந்தால் தூங்கு. துணி துவைப்பது, சமைப்பது எல்லாம் அப்புறம். முதலில் தூங்கு.

வலிப்போடு வந்த பிள்ளையின் தாய் உன்னைத் திட்டினாள் என்றாயே, அதற்கப்புறம்தான் இப்படி. அம்மையிடம் நான் அதைச் சொல்லவில்லை. என் பிள்ளை கிடந்து துடிக்கும்போது ஆராய்ச்சிக்குச் சம்மதப் பேப்பரை நீட்டுகிறாயா என்று கேட்டாளாம். பெற்றவள் கேட்கத்தான் செய்வாள், மக்களே. நானாக இருந்தால் பேப்பரைக் கிழித்தே போட்டிருப்பேன். ஆனால் நீதானே சொன்னாய்? முதலில் போட்ட மருந்துக்கு வலிப்பு நிற்காதவர்களுக்கு மூன்று மருந்தில் எது நல்லது என்று பார்த்து 2019-இல் முடிவு வந்ததே. சம்மதம் கேட்டுக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும் என்று மருந்தை முதலில் போட்டுவிட்டு, வீட்டாரிடம் பிறகுதான் சொன்னார்கள். கடைசியில் மூன்றும் ஒன்றுபோலத்தான், ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கேட்டது. இதற்கா இத்தனை பாடு என்றதற்கு என்னிடம் சண்டைக்கு வந்தாய். அந்த மூன்றில் கைக்குக் கிடைக்கிற மருந்தை யோசிக்காமல் போடலாம் என்று தெரிந்ததே, அது சின்ன விஷயமா என்று கேட்டாய். அன்றைக்கு என்னைப் பேசவே விடவில்லை நீ. இப்போது நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி ஏதோ சொன்னான். அவனுக்குத் தெரிகிறது, எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் யார்? சரி.

நர்ஸ் படித்துப் போனவர்கள் நம் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு, ஆராய்ச்சியில் சேர்ந்தவள் என் மகள் என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்காக நீ அந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். விடுவதாக இருந்தால் விடு. எங்களிடம் சொல்லிவிட்டு விடு. விடவில்லை என்றால் தூங்கிவிட்டுப் போ. ராத்திரியில் காபி குடிக்காதே.

இதைத் தம்பிதான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். அவனும் படிப்பான், படிக்கட்டும். அம்மை ஏத்தங்காய் வற்றல் வறுத்து வைத்திருக்கிறாள். பார்சல் அனுப்ப விலாசம் வேண்டும். பழைய விலாசம்தானா, புதிதாக ஏதாவது இருக்கிறதா, உடனே எழுது.

இப்படிக்கு,
அப்பா