எங்கள் பிள்ளைகளுக்கு ஏழு ஞாயிறு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுத் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மஞ்சுவிரட்டு, கபடி, மாட்டுவண்டிப் பந்தயம் என்று எல்லாம் நிறைவாகவே எழுதியிருந்தீர்கள். பெண்கள் கால்பந்துக்கு மட்டும் ஒரே வரி: 'மகளிரும் ஆர்வமுடன் கலந்துகொண்டனர்.' இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

எங்கள் ஊர்களில் பெண்கள் கால்பந்து என்றால் திருவிழாவுக்கு ஒருநாள் நாக்-அவுட். பதினாறு அணி வந்தால் எட்டு அணி முதல் ஆட்டத்தோடு வேன் ஏறிவிடும். வருடம் முழுக்க ஓடிப் பழகிய பிள்ளைக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம், அதுவும் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். சாயங்காலம் ஆண்கள் ஆட்டத்துக்கு. ஒரு ஊரில் பெண்கள் இறுதியாட்டத்தைப் பத்துப் பத்து நிமிடமாகச் சுருக்கச் சொன்னார்கள், சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். சுருக்கினோம். பிறகு மேடையில் பொன்னாடை போர்த்தி முடிக்க ஆட்டத்தைவிட அதிக நேரம் ஆனது.

அன்று ஜெயித்த அணியிடம் இருந்தது ஏழே ஜோடி ஸ்டட் ஷூ. ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவள் கோட்டோரம் உட்கார்ந்து கழற்றுவாள், உள்ளே போகிறவள் அதையே மாட்டிக்கொள்வாள். ஒருத்திக்குச் சைஸ் பெரிது. முன்பக்கம் துணியைத் திணித்துக்கொண்டு ஓடினாள். பரிசு வாங்கிக்கொண்டு வந்து அவள் என்னிடம் கேட்டது, "டீச்சர், அடுத்த மேட்ச் எப்ப?" அடுத்த வருசத் திருவிழாவுக்குத்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் லீக் வேண்டும் என்கிறேன். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர், கானாடுகாத்தான், குன்றக்குடி, தேவகோட்டை. எட்டு ஊருக்கு எட்டு அணி. எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடினால் 28 ஆட்டம். எழுவர் ஆட்டமாக, பாதிக்கு 20 நிமிடம் வைத்தால் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் நாலு ஆட்டம் முடிந்துவிடும். ஆக ஏழு ஞாயிறு. ஜூலையில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வும் ஐப்பசி மழையும் வருமுன் முடித்துவிடலாம். கடைசி இடத்துக்கு வருகிற அணிக்கும் ஏழு ஆட்டம் கிடைக்கும். பதினாறு அணி நாக்-அவுட்டில் கோப்பையைத் தூக்குகிற அணிக்கே நாலுதான்.

பக்கத்துத் திடலில் அதே காலையில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களை ஆடவிடலாம். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். வீட்டிலிருந்து துணைக்கு ஒருவர் வந்தால் போதும், அப்பத்தாவே வரலாம். சின்னவர்களுக்குப் பெரியவர்கள் ஆடுகிற 5-ஆம் நம்பர் பந்து வேண்டாம், அதைவிடச் சிறிய 4-ஆம் நம்பர் கொடுங்கள். திடலளவு, பந்தளவு, ஆட்ட நேரம், வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போவது இதையெல்லாம் இளையோருக்கும் ஊரளவு ஆட்டங்களுக்கும் தளர்த்திக்கொள்ள ஆட்ட விதிகளே இடம் கொடுக்கின்றன. நம் ஆட்கள்தான் உலகக் கோப்பை மாதிரி கெடுபிடி பண்ணுகிறார்கள்.

போக்குவரத்துக்கு என்ன செய்வது என்பார்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டவுன் பஸ் ஓடுகிற ஊர்களுக்கு ஒரு பெண்கள் அணி காலணா செலவில்லாமல் போய்வரும். (தம்பிமார் டிக்கெட் எடுத்துத்தான் வரவேண்டும்!)

"பொம்பளப் பிள்ளைக ஆட்டத்துக்குக் கூட்டம் வராது டீச்சர்" என்பது இன்னொன்று. 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆட்டம் பார்க்க ஐம்பதாயிரத்துக்கும் மேலானவர்கள் வந்தார்கள். மறுவருடமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடைபோட்டது. தடை விலக ஐம்பது வருடம் ஆனது. கூட்டம் வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். அவ்வளவு தூரம் போவானேன்? மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். கடலூரில் முளைத்தது காரைக்குடியில் முளைக்காதா?

எனக்கு உள்ளபடியே கவலை தருவது முழங்கால். எங்கள் மண் சரளை. கோடைக்குப் பிறகு சிமெண்டுத் தரைபோல இறுகிவிடும், ஓரத்தில் சீமைக்கருவேல முள் வேறு. முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். குதித்து இறங்கும்போதும் சடாரெனத் திரும்பும்போதும் முழங்கால் உள்பக்கம் மடங்குவது முக்கியக் காரணம். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் 'ஃபிஃபா 11+' என்று, ஆட்டத்துக்கு முன் உடம்பைத் தயார்படுத்தும் ஒரு 20 நிமிட வார்ம்-அப் இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்திருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். காரைக்குடியிலேயே அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் ஊருக்கு ஒருவராக வந்தால் பயிற்சிக்கும் ஆச்சு, நடுவராக நின்று விசிலடிக்கவும் ஆச்சு. ஆட்டத்துக்கு முந்தின நாள் திடலில் தண்ணீர் லாரி ஒருநடை அடித்தால் புண்ணியமாகப் போகும்.

பூட்டுப் போட்ட ஒரு அறையும் தண்ணீர் வருகிற கழிப்பறையும் இல்லாத திடலில் பெண்கள் ஆட்டம் வைக்கவே கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

பணம் பெரிய தடையாகத் தெரியவில்லை. கல்லூரிக்கும் கோவிலுக்கும் வாரிக் கொடுத்துப் பழகிய மண் இது. ஆளுயரக் கோப்பையை முழங்கை உயரத்துக்கு இறக்கினால் மிச்சத்தில் இரண்டு அணிக்கு ஷூ வாங்கலாம்.

உங்களிடம் கேட்பது சின்ன உதவி. அப்படி ஒரு லீக் தொடங்கினால் ஞாயிறு முடிவுகளையும் புள்ளிப் பட்டியலையும் செவ்வாய்க்கிழமைப் பதிப்பில் நாலு விரற்கடை இடத்தில் போடுங்கள். படம்கூட வேண்டாம். கோல் அடித்த பிள்ளையின் பெயரும் ஊரும் எழுத்துப் பிழையில்லாமல் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோட்டையூர்.