இந்த லீவில் பிள்ளைகளே புத்தகம் எடுக்கட்டும்: கடலோர ஊர்களின் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடலோரப் பள்ளிகளில் பாடம் நடத்துகிற, கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற உங்கள் எல்லாருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து இதை எழுதுகிறேன். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் புத்தகப் பட்டியலைப் பற்றித்தான்.

நம் பக்கத்து விடுமுறை மற்ற ஊர் விடுமுறை மாதிரி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாத விடுமுறை முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது இப்போதுதான். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், மர நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். கையில் காசு இருக்காது, வெளியூர் போக வழி இருக்காது. அப்பாவும் பிள்ளையும் ஒரே நிழலில் இருக்கிற அந்த நாட்களுக்குள் நல்ல புத்தகம் ஒன்று போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் பத்துப் புத்தகங்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் சுருக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். தலைவர்கள் வரலாறு, பொது அறிவு, நீதிக்கதை. கெட்ட புத்தகம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பின்னட்டையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதி, மே முதல் வாரத்திலேயே பத்தையும் முடித்துவிட்டாள். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. கேட்டேன். "எழுதத்தானே அத்தை சொன்னாங்க" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் என்னோடு நூலகத்துக்கு வந்தவள், அட்டைப்படம் பிடித்திருக்கிறது என்று கடல் விலங்குகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். சாயங்காலம் அண்ணன் வலை பொத்திக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். கடல்பசு கடற்புல் மேயும், மூச்சு விட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று வாசித்ததும் அண்ணன் கை நின்றுவிட்டது. "அட, அது நம்ம ஆவுளியா!" அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். சின்ன வயதில் தாத்தாவோடு வள்ளத்தில் போனபோது, அது பக்கத்திலேயே மூக்கை நீட்டி மூச்சு விட்டதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அப்புறம் என்ன போட்டிருக்கு? படி" என்றார். நாலு நாள் அந்த வீட்டில் அந்தப் புத்தகம்தான் பேச்சு.

நம் பள்ளிப் பட்டியல்களில் அப்துல் கலாம் வாழ்க்கை வரலாறு தவறாமல் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளை, இருக்கட்டும். ஆனால் இராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்த கலாமுக்கு எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற தேசியவாதி, வீட்டில் தான் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை இரவல் கொடுத்தார். படி, படி என்று தூண்டினார். கலாமே இதை எழுதியிருக்கிறார். அந்த வீட்டு அலமாரி போல ஒன்றைத்தான் நானும் கேட்கிறேன்.

ஆசிரியர்களே, இந்த ஒரு விடுமுறைக்காவது சுருக்கம் எழுதும் வேலை வேண்டாம். பேய்க்கதை, துப்பறியும் கதை, காமிக்ஸ், சிரிப்புக் கதை, எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். எப்படி எடுப்பது என்று பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படி. அடுத்த பக்கம் புரட்டத் தோன்றுகிறதா, எடுத்துக்கொள். இல்லையா, வைத்துவிடு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை என்றால் மெலிசான புத்தகமாக, பெரிய எழுத்தாக, படம் நிறைய இருப்பதாக எடுக்கட்டும். எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை ரசித்தால் அவனைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். ஏற்கெனவே படித்ததையே திரும்ப எடுத்தாலும் சரி.

நூலகர்களே, கடற்கரைக்குப் போன புத்தகம் மணலோடும் மீன் வாடையோடும் திரும்பி வரும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. உப்புக்காற்றில் தாள் சீக்கிரம் நமுத்துப்போகும் என்பதும் உண்மை. ஆனால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அதில் வாங்கிய புத்தகத்தில் கொஞ்சம் மணல் ஒட்டினால் ஒட்டட்டும். பாதியில் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையிடம் ஏன் முடிக்கவில்லை என்று கேட்காமல் அடுத்ததை எடுக்க விடுங்கள். சிறுவர் புத்தகங்கள் இருக்கிற கண்ணாடி அலமாரியின் பூட்டை இந்த இரண்டு மாதம் எடுத்துவிடுங்கள்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குப் பேய்க்கதைதான் வேண்டுமாம். அண்ணனும், "பெரிய எழுத்தா ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வா, நானும் படிச்சுப் பார்க்கிறேன்" என்கிறார். அடுத்த வாரம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணனுக்கும் ஒரு உறுப்பினர் அட்டை போட வேண்டும்.

அன்புடன்,
தங்கச்சிமடத்து வாசகி ஒருத்தி