கோடு போட்டுத் தந்த கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெருங்குடல் அழற்சி, குரோன் (குடலில் வரும் இன்னொரு நாள்பட்ட அழற்சி) நோயாளிகளின் இணையப் பதிவேடு நேற்று மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் அது நின்றுபோய், நோட்டில் எழுதியே நாளை ஓட்டினோம். அத்தனை நாளும் பதிவு அறுந்துபோகாமல் காத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் எங்களுக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதல் நன்றி கண்டனூர் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு. யாரும் கேட்காமலே நோட்டுகளை வாங்கி, ஸ்கேல் வைத்துத் தன் கையால் கோடு போட்டுக் கொடுத்தார். நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டம்: பகலில் மலம் கழித்தது எத்தனை தடவை, இரவில் அதற்காகத் தூக்கத்திலிருந்து எழுந்தது எத்தனை தடவை, ரத்தம், அடக்க முடியாத அவசரம், காய்ச்சல், மாத்திரை. பகலையும் இரவையும் கூட்டி எழுதினால் நோயின் வேகம் மறைந்துவிடும். மருத்துவர்கள் 1998 முதல் பயன்படுத்தும் எளிய மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடினால் பெருங்குடல் அழற்சி தீவிரம் என்று பொருள்) பகலில் 4 முதல் 6 தடவை போனால்தான் 1 மதிப்பெண். இரவில் ஒரு தடவை எழுந்தாலே 1.

ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் ஐயா எழுதியிருந்தார்: "இல்லை என்றால் 0 போடவும். வெறுமனே விட வேண்டாம்." பேரேடு எழுதிப் பழகிய கை அது. இந்த நோயில் அந்த வரி உயிரைக் காக்கும். உடம்பு ரொம்ப முடியாதவர்தான் பதிவை விடுவார். வெற்றுக் கட்டத்தை இணையப் பதிவேடு 0 என்று எடுத்துக்கொண்டால் மதிப்பெண் இறங்கும், திரை பச்சை காட்டும், எச்சரிக்கை யாருக்கும் போகாது. இனி அந்தக் கட்டம் 'பதிவில்லை' என்றே நிற்கும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் நர்ஸ் போன் செய்வார். ஐயா, இதற்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள்.

வீடு வீடாக நோட்டுச் சேர்த்த நர்ஸ் அக்காமார், காசு வாங்காத ஜெராக்ஸ் கடைத் தம்பி, சீட்டைப் பார்த்து குடல் அழற்சிக்கான மெசலமின் மருந்தை எடுத்துவைத்த மருந்துக் கடைக்காரர்கள், கண் தெரியாத ஆச்சிமாருக்கு எழுதிக் கொடுத்த பேரப்பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி.

திரையில் இனி எது மாறினாலும் அதே ஆறு கட்டத்தைத் தாளிலும் அச்சிட்டுத் தருவோம். நோட்டைத் தூக்கிப்போடாதீர்கள், அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள், ஏற்றித் தருகிறோம். ஒரே நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் எதையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.